பழந்துணி போன வழி

வீட்டில் திருட்டுப் போயிருந்தது. நகை நட்டு இல்லை, பழந்துணி.

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குப் பழந்துணி என்பது சமையல்காரனுக்கு உப்பு மாதிரி. கம்ப்ரஸரைக் கழற்றினால் எண்ணெய் வழியும், எதைத் தொட்டாலும் கை கறுப்பாகும். துடைக்காமல் தரையில் சொட்டவிட்டால் வீட்டுக்காரம்மாக்கள் ஆளையே துடைத்து வெளியே போட்டுவிடுவார்கள். அதற்காகவே கிழிந்த பனியன், சாயம் போன லுங்கி எல்லாவற்றையும் துவைத்து, ஒரு கோணிப்பையில் திணித்து, பால்கனி மூலையில் வைத்திருந்தார் நம் மெக்கானிக். அன்று காலை பையைத் தூக்கினால் பை மட்டும் வந்தது.

“பாப்பா, இதுல இருந்த துணியெல்லாம் எங்க?”

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். “எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ப்பா.”

“லுங்கியையா? எலியா அது, எருமையா?”

முன்பெல்லாம் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மெக்கானிக் சும்மா விடுகிற ஆள் இல்லை. மறுபடி துணி சேர்த்து, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். பூட்டின பூட்டுக்குப் பலன் உடனே கிடைத்தது. கொடியில் காய்ந்த அவருடைய நல்ல துண்டு காணாமல் போனது. அதற்கடுத்துத் தலையணை உறை. பழசைக் காப்பாற்றப் போய்ப் புதுசைத் தொலைத்தது உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

துணி போனால் போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் மகளே அல்லவா ஒரு மாதிரியாகிவிட்டாள்! திடீரென்று ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டாள். வளர்ந்த பிள்ளைகள் காரணமில்லாமல் நல்லவர்களாவது எந்த வீட்டிலும் நல்லதற்கில்லை.

“அப்பா, இங்க வாங்க. சோறு வைக்கக் கத்துக்கோங்க.”

“நீதான் வைக்கிறியே கண்ணு.”

“நான் இல்லாத நேரம் என்ன பண்ணுவீங்க? இது உப்பு, இது சர்க்கரை. நக்கிப் பாத்துட்டுப் போடுங்க. கேஸை மூட மறக்காதீங்க.”

அவர் நக்கிப் பார்த்தார். அப்படியும் அன்று சோறு இனித்தது. மகள் அந்தச் சோற்றை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

அந்த வாரமே அவளுடைய சைக்கிள் கீழ்வீட்டுக் குட்டிப் பெண்ணிடம் போய்விட்டது. சிவப்புச் சைக்கிள். அவளுடைய அம்மா ஆசையாக வாங்கித் தந்தது.

“அம்மா வாங்கினதைப் போய் தூக்கிக் குடுத்துட்டியே!”

“அவ பத்திரமா வச்சுக்குவாப்பா.”

அம்மா என்ற பேச்சு வந்தால் அந்த வீட்டில் அதோடு பேச்சு நின்றுவிடும். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் மெக்கானிக் ‘காய்ச்சல்’ என்றே சொன்னார். மகளுக்கும் அதையேதான் சொன்னார். காய்ச்சல் இல்லை என்பது அவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தெரியும். பெண்கள் சமாசாரம். அதை எந்த வாயால் சொல்வது? கட்டினவரிடம் சொல்லவே அவளுக்கு அத்தனை கூச்சம். சொன்னபோது காலம் கடந்திருந்தது. பாவி, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் நினைக்காத நாளில்லை.

அதனாலேயே மகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் ஃபோன் செய்து, “நாளைக்கு ஒரு நர்ஸ் வந்து பொண்ணுங்களுக்கு உடம்பைப் பத்திப் பேசப் போறாங்க, தவறாம அனுப்பி வைங்க” என்றபோது, “அவ குழந்தை டீச்சர்! இப்பவே எதுக்கு இந்தக் கண்றாவியெல்லாம்?” என்று சொல்லிவிட்டார். மறுநாள் மகளுக்கு லீவு போட்டு மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனார். குரங்குக் கூண்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. அதுகள் எதையாவது பாடம் நடத்தித் தொலைத்தால்?

இப்படிக் காத்த பெண், இருக்கிறதையெல்லாம் தானம் செய்துவிட்டு நிற்கிறாள். மனசு கேட்காமல் ஒர்க் ஷாப்பில் கூட வேலை பார்க்கும் ‘மைக்செட்’டிடம் சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னார். சாப்பாட்டு நேரத்துக்குள் ஒர்க் ஷாப் முழுக்கத் தெரிந்துவிட்டது.

“அண்ணே, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க” என்றான் மைக்செட். “உங்களுக்குச் சோறாக்கக் கத்துக் குடுக்குறா. சாமானையெல்லாம் ஒழிக்கிறா. துணி வேற காணோம். மூட்டை கட்டுறாண்ணே! எவன்கூடயோ கிளம்பப் போறா.”

“பதிமூணு வயசுதான்டா அவளுக்கு!”

“காலம் கெட்டுக் கெடக்குண்ணே.”

கிழிந்த லுங்கியை மூட்டை கட்டிக்கொண்டு எவளாவது ஓடிப்போவாளா என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. பெற்ற மனசு பற்றி எரியும்போது மூளை எங்கே வேலை செய்யும்?

அன்று சாயங்காலம் அவர் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“யாரு அவன்?”

“எவன்?”

“எனக்கு எல்லாம் தெரியும். இந்த வீட்ல அசிங்கமா எதுவும் நடக்கக் கூடாது, ஆமா!”

மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. “அசிங்கம்னா என்னப்பா?”

“அசிங்கம்னா அசிங்கம்தான்! நல்ல பொண்ணுங்க அதைப் பத்திப் பேசவே மாட்டாங்க.”

“சோறு குழையுது. அடுப்பை அணைங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்றாள். வேலைக்குப் போகிற மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய மெக்கானிக், தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பிவந்து, மாடிப்படிக்கு அடியில் பதுங்கினார். நினைத்தது வீண்போகவில்லை. மகள் மெல்லப் படியிறங்கிக் கீழ்வீட்டுத் தையல்காரியின் கதவைத் தட்டினாள். தையல்காரி தனிக்கட்டை. அண்ணன் மகளான அந்தக் குட்டிப் பெண்ணை வளர்த்துக்கொண்டு, மிஷினோடு மிஷினாகக் காலம் தள்ளுகிறவள்.

“இன்னிக்கும் வெட்டுத்துணி வேணுமா?” தையல்காரியின் குரல் கேட்டது.

“ஆமாக்கா. அப்புறம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்கப்பாவைக் கட்டிக்கிறீங்களா?”

ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

“ரொம்ப நல்லவருக்கா. கத்துவாரு, ஆனா அடிக்க மாட்டாரு. உப்புக்கும் சர்க்கரைக்கும்தான் இன்னும் வித்தியாசம் தெரியல. தனியா விட்டா சாப்பிட மாட்டாருக்கா. நீங்க பாத்துக்குவீங்கல்ல?”

மெக்கானிக்குக்கு மானம் கப்பலேறிவிட்டது. பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார்.

“ஏம்மா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? பச்சப்புள்ள மனசுல எதை ஏத்தி விட்டிருக்க?”

“ஐயையோ, நான் உங்களை அண்ணேன்னுதானே கூப்பிடறேன்! நான் எதுக்கு...” தையல்காரி கையில் கத்தரிக்கோலோடு எழுந்தாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. “போங்கண்ணே முதல்ல. அக்கம்பக்கத்துல கேட்டா என் பொழப்புப் போயிடும்.”

“அக்காவைத் திட்டாதீங்கப்பா! நான்தான்...” மகளால் முடிக்க முடியவில்லை. மார்போடு வெட்டுத்துணியை அணைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மேலே குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் அவள் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. தாயில்லாப் பிள்ளையை இப்படி அழவைத்துவிட்டோமே என்று அவரும் மாடிப்படிக்கு வந்தார்.

என்ன செய்வதென்று தெரியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிவப்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு குட்டிப் பெண் அவர் எதிரில் வந்து நின்றாள். மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தாள். பிறகு, சைக்கிளைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ததைச் சொல்லிவிட்டாள்.

“அக்காவைத் திட்டாதீங்க மாமா. அவங்க அம்மாவுக்கு வந்துச்சே காய்ச்சல், துணியெல்லாம் ரத்தமாகுமே, அதுவே அக்காவுக்கும் வந்திருக்காம். போன மாசம் நின்னுபோச்சேன்னு சந்தோஷப்பட்டாங்களாம், இந்த மாசம் மறுபடி வந்திருச்சாம், அதான் சாகறதுக்குள்ள உங்களுக்குச் சோறாக்கச் சொல்லிக் குடுத்துடணுமாம்.”