ஃப்ரீசரில் வைத்த அம்புதாங்கி

அன்புள்ள தம்பி உர்ஹோவுக்கு,

அண்ணி ஐலி எழுதிக்கொள்வது. நானும் நாய் முஸ்தியும் ஒருவாறு இருக்கிறோம். உங்கள் முழங்காலும் படகு மோட்டாரும் இப்போது எப்படி என்று தெரிந்தால் சந்தோஷப்படுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "சரி அண்ணி, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகஸ்டில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இந்த வருசம் வேட்டைக்கு நான் வரல அண்ணி. மரத்து மேல அண்ணன் உக்கார்ற பரண் காலியா இருக்கும். எதிர்மரத்துல உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது." நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தூக்கம் போனது. மார்ச்சில் உங்கள் அண்ணன் அர்வோ விறகுக் குவியல் பக்கத்தில் விழுந்து போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதில்லை. அக்டோபர் வந்தால் நீங்கள் இரண்டு பேரும் சானா நீராவி அறைச் சூட்டில் உட்கார்ந்து, தப்பிப் போன மானைப் பற்றிப் பொய் பேசுவீர்கள், அடுப்படி வரைக்கும் கேட்கும். அதுவும் இல்லையென்றால் குளிர்காலம் முழுக்க நானும் நாயும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் அர்வோவின் வில்லை உங்களுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அது இடதுகை வில். உங்கள் வீட்டில் இடதுகைக்காரர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். அவர் வில்லோடு அவர் பரணில் நீங்கள் ஏறி உட்கார்ந்தால் பரண் காலியாக இருக்காதே.

வில்லைத் துடைத்து வைக்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன். பக்கத்திலேயே அவருடைய வேட்டைக் கோட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் காய்ந்த இலையோடு கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோட்டை வீட்டுக்குள் விட்டதில்லை அவர். "உன் சோப்பு வாசத்துக்கு அடுத்த ஊர் மானே ஓடிரும்டி" என்பார். எனக்கு என்ன தோன்றியதோ, அழுக்காக இருக்கிறதே என்று எடுத்துப் போய் லாவெண்டர் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன். மெஷினிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. மான் ஓடுவது கிடக்கட்டும், தம்பி. அவர் வாசம் மிச்சமிருந்த கடைசித் துணி அது. அழுதுகொண்டே கொட்டகைக்குக் கொண்டுபோய், ஈரக் கோட்டைக் கண்ணில் பட்ட ஆணியில் மாட்டினேன். அது வில் மாட்டியிருந்த ஆணி. பிறகு எடுக்கும்போது பொத்தான், வில்லின் நடுவே அம்பை ஏந்துகிற அம்புதாங்கியில் சிக்கிக்கொண்டது, நான் இழுத்தேன், தாங்கி இரண்டாக ஒடிந்தது. ஒடிந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தால், அம்பு உரசிச் சத்தம் வராமலிருக்க அதன் மேல் பச்சைக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறார். என் தேவாலயத் தொப்பியின் துண்டு. அந்தத் தொப்பியை நாய் தின்றுவிட்டது என்று சாதித்தாரே உங்கள் அண்ணன். பாவம், அப்போதிருந்த நாயை ஒரு வாரம் வெளியே படுக்க வைத்தேன்.

சரி, புதிதாக ஒன்று வாங்குவோம் என்று டவுனில் டுவெய்னின் வில் கடைக்குப் போனேன். "எந்தக் கைம்மா?" என்றான். நான் எழுதுகிற வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவனும் ஒன்றைக் கட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து வைத்தால் வில்லின் தப்பான பக்கத்தில் போய் உட்காருகிறது. திரும்பப் போனேன். "உங்க கையக் கேக்கலம்மா, வில்லு இழுக்கிற கையக் கேட்டேன்" என்று சிரித்தான். இடதுகைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு விளக்கினான்: "இதுதாம்மா இப்ப எல்லாரும் வாங்குறது. அம்பு கிளம்புற வரைக்கும் தாங்கிக்கிட்டிருக்கும், கிளம்பினதும் தானா டக்குனு கீழ விழுந்துரும்."

"விழுறதுக்குன்னே செஞ்ச சாமானாப்பா? வேண்டாம். விழுந்ததப் பாத்தது போதும்."

அவன் அதை மேசை மேல் வைத்தான். உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தான். பல் பிரஷ்ஷை வட்டமாகச் சுருட்டி வைத்தாற்போல ஒரு வளையம், நடுவில் அம்புக்கு ஓட்டை. ஆடுகிற பாகம் எதுவும் இல்லை. வில் சாய்ந்தாலும் கை நடுங்கினாலும் அம்பு நழுவாதாம். அடக்கத்தன்று உங்கள் கையில் காபிக் கோப்பை ஆடியதை நான் பார்த்தேன், தம்பி. "இது எவ்வளவு நாள் உழைக்கும்?" என்று கேட்டேன். "நல்லாப் பாத்துக்கிட்டா உங்க ஆயுசுக்கும் வரும்" என்றான். "என் ஆயுசு இருக்கட்டும், சாமானோட ஆயுசச் சொல்லு" என்றேன். அர்வோவும் இன்னும் இருபது வருடம் உழைப்பார் என்றுதான் எல்லாரும் பிப்ரவரியில் சொன்னார்கள்.

வாய்ச்சொல்லை நம்புவதாயில்லை. இரண்டையும் வாங்கிவந்து, காட்டுப் பனிக்குத் தாங்குமா என்று பார்க்கத் தண்ணீரில் நனைத்து ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால், விழுகிற சாமான் விழ மாட்டேன் என்று விறைத்து நிற்கிறது. பிரஷ் வளையத்தில் பனியைக் கட்டை விரலால் தட்டினேன், உதிர்ந்துவிட்டது. அடுத்து இரண்டையும் வண்டியின் பின்னால் போட்டுக் குண்டும் குழியுமான ஏரிப் பாதையில் ஓட்டினேன். முஸ்தியிடமும் கொடுத்துப் பார்த்தேன். வளையத்தை ஒரு கடி கடித்துவிட்டுத் தும்மிக்கொண்டே போனது. மற்றதைத் திருப்பிக் கொடுத்தபோது டுவெய்ன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல ஏம்மா பட்டாணி ஒட்டியிருக்கு?" என்றான். ஆனாலும் பணத்தைக் கொடுத்துவிட்டான், நல்ல பிள்ளை.

வளையத்தை நானே வில்லில் வைத்துத் திருகி முடுக்கிவிட்டேன். அதற்குக் கீழே, வில்லின் கைப்பிடிக்கு மேலிருக்கிற மேடையில், என் தொப்பித் துண்டையே ஒட்டியிருக்கிறேன். அது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதிகம் உழைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே, தம்பி, வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாளே வந்து வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென்று உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்து பாஸ்டி சுட்டு வைக்கிறேன். உங்கள் முழங்காலுக்குச் சுகமும், கைக்கு நிதானமும், மனதுக்கு ஆறுதலும் ஆண்டவர் தரட்டும்.

இப்படிக்கு,
அண்ணி ஐலி

பி.கு: மேலே எழுதினதைத் தபாலில் போடும் முன்னால், வளையம் நேராக இருக்கிறதா என்று காட்ட வில்லை டுவெய்னிடம் எடுத்துப் போனேன். "யாராவது எய்து பாத்தாத்தாம்மா தெரியும்" என்று என் கையிலேயே கொடுத்தான். இழுக்க முடியவில்லை. விறைப்புக் குறைய வில்லின் திருகாணியைத் தளர்த்தினான். என் கை குட்டை என்று இழுப்பின் நீளத்தையும் குறைத்தான். முதல் அம்பு சுவரில். அடுத்தது எங்கே போனதென்று இன்னும் தேடுகிறான். அதற்கடுத்தது, குறிக்கு வைத்திருந்த பஞ்சு மானின் பின்பக்கத்தில் குத்தி நின்றது. "இனி அதால உக்கார முடியாது. ஆனா சாகாது" என்றான். மார்ச்சுக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான். அன்றிலிருந்து தினமும் இடது கையால் இழுத்துப் பழகுகிறேன், இப்போது அம்பு மானின் நெஞ்சுக்கே போகிறது, வேட்டை லைசென்சும் வாங்கியாகிவிட்டது. ஆகவே வில்லை உங்களுக்குத் தருவதாக எழுதினதை அடித்துவிடுங்கள். அது இப்போது உங்கள் கைக்குப் பொருந்தாது. உங்கள் வில்லையே எடுத்து வாருங்கள். அண்ணன் பரணில் நான் உட்காருவேன், அது காலியாக இருக்கும் என்கிற சாக்கு இனிச் செல்லாது. எதிர்மரத்திலிருந்து எனக்குக் கையாட்டாதீர்கள், மான் பார்த்துவிடும். வரும்போது வாசமில்லாத சோப்பு ஒரு டப்பா வாங்கி வாருங்கள். அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன்.