முப்பத்தொரு கிலோ கிளி

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் சுகம். நீங்களும் நண்பர்களும் சேர்ந்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் மட்டும் சுகமாக இல்லை.

தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் உங்கள் அக்காவின் கால்நடை கிளினிக்கில் வரவேற்பு மேஜை என் பொறுப்பு. முப்பத்தைந்து வருடம் அன்றைய தபாலை அன்றே சேர்த்தவன் நான். செவ்வாய்தோறும் நீங்கள் அனுப்பும் புதுப் பதிப்பையும் வந்த கையோடு கிளினிக் கணினியில் போட்டுவிடுவேன். முதல் வாரம் கண்ணுக்கு இதம் என்று திரையைக் கறுப்பாக்கினீர்கள், எனக்கு எழுத்தே தெரியவில்லை. அடுத்த வாரம் வரிசை தலைகீழாகி, கடைசியாக வந்த பூனை முதலில் உள்ளே போக, காலையிலிருந்து காத்திருந்த ஐந்து நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. போன் செய்தால் நீங்கள், "அத்தான், செவ்வாய்க்கிழமை வர்றது சோதிச்சுப் பாக்கறவங்களுக்கு. உங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வர்றது போதும்னு எத்தனை தடவை சொல்றது?" என்கிறீர்கள். வந்ததை ஆறு மாதம் கட்டி வைக்க என் கை வராது.

இந்த வாரம் ஒரே போன் எண்ணில் உள்ள பிராணிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் வசதியாம். ஒரு அம்மாள் கிளியைக் கொண்டுவந்தார். அவர் வீட்டில் நாயும் பூனையும்கூட உண்டு. திரையில் வந்தது ஒரே பிராணி: வயது பதினேழு, எடை முப்பத்தொரு கிலோ, இறக்கை உண்டு, குரைக்கும். அந்த எடைக்குக் கணக்காகப் பூச்சி மருந்தின் அளவும் வந்தது. நான் அதை அப்படியே எழுதி உள்ளே அனுப்பிவிட்டேன். உங்கள் அக்கா சீட்டைப் பார்த்தாள், கிளியைப் பார்த்தாள், வெளியே வந்தாள்.

"இது கிளியா, கன்னுக்குட்டியா? திங்கள்லேருந்து நோட்டுப் புத்தகம்தான். அதுக்கு வேற ஆள் வெச்சுக்கறேன். நீங்க வீட்லயே இருங்க."

நான் வீட்டில் இருந்து என்ன செய்வேன்? இந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்த வசதி எதற்கு என்றால், "யாரோ ஒருத்தர் கேட்டாரு, செஞ்சோம்" என்கிறீர்கள். கேட்டவன் யார், அவனுக்கு வேறு வேலை இல்லையா என்று விசாரிக்க வேண்டாமா? அந்த ஆசாமியைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். ஒரு வருடத்துக்குப் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இருக்கிற ஓட்டைகளை மட்டும் அடையுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். உங்களுக்கானதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்காவின் கணவர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் என்ன வசதி வேண்டும் என்று எல்லோரும் எழுதிப்போடும் உங்கள் இணையக் கோரிக்கைப் பட்டியலில் அந்த ஆசாமியை நானே தேடினேன். ‘பழைய தபால்’ என்ற பெயரில் மார்ச் மாதம் எழுதியிருக்கிறான். ஒரே வீட்டுப் பிராணிகளுக்கு முகவரியை மூன்று தடவை எழுதக் கை வலிக்கிறதாம், ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டுமாம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டவன் நான்தான், எழுதியதே மறந்துபோயிருந்தது. கீழே நீங்கள் "அருமையான யோசனை, நன்றி" என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. அக்காவிடம் மூச்சு விடாதீர்கள். எடையைப் பார்த்து, வந்திருப்பது கிளியா கன்றுக்குட்டியா என்று மென்பொருளே சொல்லிவிட வேண்டும் என இன்று ஒரு கோரிக்கை போட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் முடியுமா?