உப்பு பார்க்க ஆளில்லை

இந்த வீட்டில் இந்த ஒரு முடிவையாவது நான்தான் எடுப்பேன் என்று பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பல் துலக்கும்போது தீர்மானித்தேன். கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டும் சொன்னேன். கதவுக்கு வெளியிலிருந்து என் மனைவி ஃபிரீதா, "எடுங்க, எடுங்க. முதல்ல குழாயை மூடுங்க" என்றாள்.

முடிவு, ஃபிரீதாவின் தங்கை லோலாவைப் பற்றியது. லோலாவுக்குப் பதினேழு வயது. மூன்று வருடங்களுக்கு முன் அவர்களுடைய அம்மா இறந்துபோனதிலிருந்து குவீன்ஸில் எங்களோடுதான் இருக்கிறாள். மாமனார் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறார். லோலாவுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று, வீட்டிலிருந்து பேருந்தில் பதினைந்து நிமிடம். மற்றது வடக்கே நான்கு மணி நேரம். மே முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா தாஷ்கந்தில் செருப்புத் தைத்தார். அமெரிக்காவுக்கு வந்தும் செருப்புதான் தைக்கிறார். அதனால் கல்லூரி என்ற பேச்சு எழுந்தாலே சொந்தக்காரர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. மருந்துக்கடையில் வேலை. முப்பது மாத்திரை கொடுக்க வேண்டுமென்றால் மூன்று முறை எண்ணுவேன். நான்காவது முறை எண்ணாமல் இருப்பதற்குக் கொஞ்சம் மனக்கட்டுப்பாடு தேவைப்படும்.

லோலா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அத்தான், அங்க நம்மாளுங்க இருப்பாங்களா? இல்ல, நான் மட்டும் தனியா இருப்பேனா?"

ஆராய்ந்து சொல்கிறேன் என்றேன். கணினியில் அட்டவணை ஒன்று போட்டேன். பத்தொன்பது கட்டங்கள். வெள்ளிக்கிழமை இரவு சபாத் ஓய்வுநாள் விருந்துக்கு எத்தனை மாணவர்கள் வருகிறார்கள்? பண்டிகை நாளில் தேர்வு வந்தால் தள்ளிவைப்பார்களா? எங்கள் யூத உணவு விதிப்படி சமைக்கும் கோஷர் சமையலறை விடுதியிலிருந்து எத்தனை தப்படி, பனி கொட்டினால் எத்தனை தப்படி? எங்களைப் போன்ற புகாரா யூதர்களின் ராகத்தில் பிரார்த்தனை பாடத் தெரிந்தவர் ஒருவராவது உண்டா? கடைசிக் கட்டம், வீட்டிலிருந்து தூரம்.

ஃபிரீதா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"பதினெட்டு கட்டத்துக்கும் சேர்த்து நாப்பது மார்க்கு. தூரத்துக்கு மட்டும் அறுபதா?"

"அது ஒரு கணக்கும்மா. உனக்குப் புரியாது."

"சரிங்க."

திருமணமாகி ஆறு வருடங்களில் ஃபிரீதா என்னோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் எனக்கு ஆபத்து இல்லை. அவள் "சரிங்க" என்று சொல்லும்போதுதான் நான் பயந்திருக்க வேண்டும். அன்று பயப்படவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லோலா பேருந்தில் போய் வருகிற கல்லூரியில் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. காரணத்தை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. நான் படித்தது ஒரு தூரத்து ஊரில். அந்தக் கல்லூரியில் யூத மாணவன் என்று என்னைத் தவிர யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பொதுச் சாப்பாட்டு அறையில் நான் சாப்பிடக்கூடியது எதுவும் இல்லை. அறையில் ஒரு மின்சாரக் கெண்டி வைத்திருந்தேன். அதில் முட்டை அவிப்பேன். நான்கு வருடம் ரொட்டியும் அவித்த முட்டையும். பாஸ்கா பண்டிகையின் எட்டு நாளும் ரொட்டியும் கிடையாது, முட்டை மட்டும். பண்டிகையின் முதல் இரவு, வீட்டிலேயே சின்னவர் கேட்க வேண்டிய கேள்விகளை நானே கேட்டு, பெரியவர் சொல்ல வேண்டிய பதிலை நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டி, போனில் மெதுவாகப் பேசச் சொன்னான்.

அந்தச் சுவரும் அந்தக் கெண்டியும் லோலாவுக்கு வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்.

வடக்குக் கல்லூரியில் யூத மாணவர் இல்லம் என்று தனியாக ஒரு வீடு உண்டு. அதை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். தேதியை நானே குறித்தேன். பூரிம் பண்டிகைக்கு முந்தைய நாள். அன்று விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எங்களுக்கு நோன்பு, தண்ணீர்கூடக் கிடையாது. எல்லோரும் முகம் தொங்கிப்போய், ஒரு வார்த்தைக்கு அடுத்த வார்த்தை பேசத் தெம்பில்லாமல் கிடப்பார்கள். லோலா அதைப் பார்ப்பாள். சுருண்டு போவாள். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குக் குவீன்ஸ். இருட்டியதும் எங்கள் ஜெபக்கூடத்தில் பூரிம் கதை எழுதிய சுருளைப் படிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வடக்குக் கல்லூரியை மறந்துவிடலாம்.

"நோன்பு அன்னைக்கா போறது?" என்று கேட்டாள் ஃபிரீதா.

"எனக்கு அன்னைக்குத்தான் லீவு."

"சரிங்க."

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கார் டிக்கியில் பத்துக் கிலோ அரிசி, பை பிரிக்காமல் இருந்தது. எதற்கு என்றேன். உங்கள் அம்மாவுக்கு வாங்கியது, இறக்கி வைக்க மறந்துவிட்டேன் என்றாள். பக்கத்தில் ஒரு துணிப்பை. அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்று முறை எண்ணுகிற மனிதன் கேட்டிருக்க வேண்டும்.

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பழைய மரவீடு. வாசலில் சுருட்டை முடிப் பெண் ஒருத்தி வந்து, தன் பெயர் நாவா, மூன்றாம் ஆண்டு, இல்லத்தின் மாணவத் தலைவி என்றாள். நேராக லோலாவைக் கட்டிக்கொண்டாள். எங்கள் மூன்று பேரில் லோலா யார் என்று அவள் கேட்கவில்லை. இதையும் நான் பிறகுதான் யோசித்தேன்.

உள்ளே என் திட்டம் அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. சோபாவில் ஒருவன் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தான். இரண்டு பெண்கள் சுவரில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று யாருக்கும் தெம்பில்லை, மன்னிக்க வேண்டும் என்றாள் நாவா. எனக்கு மிகுந்த திருப்தி. அட்டவணையில் "உற்சாகம்" என்ற கட்டத்தில் பூஜ்யம் போடத் தயாரானேன்.

கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது ஃபிரீதா நாவாவிடம் சாதாரணமாகக் கேட்டாள். "நோன்பு முடிஞ்சதும் என்ன சாப்பிடுவீங்க?"

"சமையல்காரர் லீவுக்கா. அறுபது பேருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ரொட்டியும் அவிச்ச முட்டையும் வச்சிடலாம்னு இருக்கோம்."

எனக்குள் ஏதோ நடந்தது. வயிறு காலி என்பதால் சத்தம்கூடக் கேட்டிருக்கும்.

"முட்டையா?" என்றேன்.

"ஆமா சார். நூத்து இருபது முட்டை."

"பண்டிகை ராத்திரி அதுவுமா யாராவது அவிச்ச முட்டையைத் தின்பாங்களா?"

"வேற என்ன சார் பண்றது?"

நாவா வழி தெரியாதவள் போல நின்றாள். ஃபிரீதா ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி இருக்கிறது என்று சொன்னது யார் என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், நான்தான்.

எங்களில் பிளோவ் சமைப்பது ஆண்கள் வேலை. அரிசி, இறைச்சி, வெங்காயம், சீரகம், மலைபோலக் கேரட். என் பிளோவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர்களுடைய குளிர்பெட்டியில் கோஷர் இறைச்சி இருந்தது. சமையலறையில் யானையைக் குளிப்பாட்டுகிற அளவுக்கு ஒரு பாத்திரமும் இருந்தது. அடுப்பு வரைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தச் சோபாப் பையன் எழுந்து வந்து கேரட்டை இயந்திரத்தில் போட்டுத் துருவ ஆரம்பித்தான். கேரட்டைத் துருவினால் அது பிளோவ் இல்லை, கஞ்சி. கத்தியால் தீக்குச்சி போல நறுக்க வேண்டும். அவன் கையிலிருந்து வாங்கினேன். வாங்கிய பிறகு எப்படிக் கீழே வைப்பது?

இரண்டு மணி ஆனது தெரியாது. மூன்றரைக்கு வெங்காயம் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வெங்காயத்தை விட்டுப் போகிறவன் மனிதனே இல்லை.

"கிளம்பலாமாங்க?" என்றாள் ஃபிரீதா. "ராத்திரி நம்ம கூடத்துல சுருள் படிக்கிறது தப்பிப் போயிடுமே."

"இங்க படிப்பாங்கள்ல?"

"படிப்பாங்க. நீங்க கேட்டா இருக்கலாம்."

நானே கேட்டேன். நானே நாவாவிடம் போய், நாங்கள் இருக்கலாமா என்று கேட்டேன்.

பெரிய சிக்கல் உப்பு. சமையலறையில் இருந்த பன்னிரண்டு பேரும் நோன்பு. ருசி பார்க்க ஒரு நாக்கு இல்லை. சோபாப் பையன் பக்கத்து வீட்டுப் பூனையைச் சிபாரிசு செய்தான். அளவு எனக்குத் தெரியும். ஆனால் கூடிப்போனால் எடுக்க முடியாதே என்று பாதியை மட்டும் போட்டேன். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். பிறகு டப்பாவிலேயே கொட்டிவிட்டேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நீள மேசையில் லோலா நடுவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் ஐந்து பேருக்கு அடுத்த சுற்றுக் கேரட் நறுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியிடம், நீ நறுக்கியது விறகுக் கட்டை போல இருக்கிறது, இதை வைத்துக் குளிர் காயலாம் என்றாள். அவர்கள் சிரித்தார்கள். லோலாவும் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் மூக்கைச் சுருக்குவாள். அப்படி ஒரு பழக்கம் அவளுக்கு இருந்ததையே நான் மறந்திருந்தேன். மூன்று வருடமாகப் பார்க்கவில்லை.

என் கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் எப்போதோ வதங்கிவிட்டதால் அதன் மேல் பழி போட வழியில்லை.

இருட்டத் தொடங்கியதும் அந்த வீடு தலைகீழானது. காலையில் சுவரில் சாய்ந்திருந்தவர்களில் ஒருத்தி வாழைப்பழமாக வந்தாள். சோபாப் பையன் தபால்பெட்டி. பூரிமில் வேடம் போடாதவர் உண்டா? எனக்கு வேடம் இல்லையே என்றேன். ஃபிரீதா டிக்கியிலிருந்து துணிப்பையைக் கொண்டுவந்தாள். உள்ளே என் கல்யாணத்தன்று போட்ட ஜரிகை அங்கி, அதன் குல்லா. அடியில் பல் துலக்கும் பிரஷ்கள் மூன்றும் என் இரவு உடையும் இருந்தன.

"இதெல்லாம் எப்போ எடுத்து வச்சே?"

"போட்டுக்கோங்க. ராஜா மாதிரி இருக்கும்."

சுருளைப் படித்தார்கள். அந்தக் கதையில் வருகிற ராஜா, வீட்டுக்கு வீடு புருஷன் சொல்தான் செல்ல வேண்டும் என்று நாடு முழுவதும் ஓலை அனுப்புவான். அந்த இடம் வந்தபோது அறுபது பேரும் என் அங்கியைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். ஃபிரீதா என் குல்லாவைச் சரிசெய்தாள்.

பிறகு சாப்பாடு. பாத்திரம் அரை மணி நேரத்தில் காலி. வாழைப்பழம் மூன்றாவது தட்டு வாங்கினாள். நான் மாலையிலிருந்து ஒரு கரண்டியைப் பிடித்தபடி எல்லோருக்கும் பரிமாறினேனே தவிர, எனக்கு எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. நாவா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை சார், அக்கா சொன்னாங்கன்னு பீட்ஸாவை வேண்டாம்னு சொன்னோம்."

"எந்த அக்கா? எந்தப் பீட்ஸா?"

நாவா நாக்கைக் கடித்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

ஃபிரீதா பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். முட்டை என்று சொல்லச் சொன்னது நீதானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷமா பாஸ்காவுக்கு முட்டைத் தட்டு வந்தா, என் பக்கம் தள்ளி வைக்கிறீங்க. லோலாதான் முதல்ல கவனிச்சா. உங்க அம்மாகிட்ட கேட்டோம். கெண்டி கதையைச் சொன்னாங்க." சுரண்டுவதை நிறுத்தினாள். "எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அங்கியின் ஜரிகையைத் தடவிக்கொண்டு நின்றேன். நல்ல மனிதனாக ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த மூக்குச் சுருக்கத்துக்கு நூற்றுக்கு நூறு போடலாம். லோலாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ராஜா அங்கியில் நின்று, அட்டவணையைத் திருத்திவிட்டேன், நீ இந்தக் கல்லூரியிலேயே சேரலாம், நான் அனுமதி தருகிறேன் என்றேன்.

லோலா அக்காவைப் பார்த்தாள். அக்கா தங்கையைப் பார்த்தாள்.

"அத்தான்," என்றாள் லோலா, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "நானும் நாவாவும் ரெண்டு மாசமா பேசிட்டுத்தான் இருக்கோம். போன செவ்வாய்க்கிழமையே சேர்றேன்னு எழுதிட்டேன். இன்னைக்கு வந்தது உங்களுக்கு இடத்தைக் காட்டத்தான். இல்லேன்னா நாலு வருஷமும் நீங்க தூங்க மாட்டீங்க."

என் அதிகாரம் இவ்வளவுதான் என்று தெரிந்தபோது எனக்கு வருத்தமாக இல்லை. போகட்டும், பிளோவாவது நன்றாக இருந்ததல்லவா, பிள்ளைகள் மூன்று தட்டு சாப்பிட்டார்களே என்றேன்.

"விடிஞ்சதுலேருந்து பட்டினிங்க. தட்டையே தின்னிருப்பாங்க," என்றாள் ஃபிரீதா, ஒரு கரண்டி எடுத்து என் வாயில் ஊட்டியபடி. "உப்பே இல்ல."