கேப்டன் கைவிட்டதால் உறுதிமொழியில் ஒரு திருத்தம்

அன்புள்ள கிளெனிஸ் சித்திக்கு,

நீங்கள் நலம் என்றும், கோலின் சித்தப்பாவின் முழங்கால் போன தடவை விட்ட இடத்திலேயே நிற்கிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் நலம். நியூகாசிலில் மழை. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கும் பிரைனிக்கும் நடக்கப்போகும் திருமணத்தை நடத்திவைக்கப் போகிறவர் நீங்கள் என்பதால் உங்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. உறுதிமொழியில் நாங்கள் சேர்க்கச் சொன்ன 'கயிறு அறுந்தாலும் கை விடேன்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது 'வான்கயிறு' மூன்றாம் படத்தில் கேப்டன் ஓரெல் பொறியாளர் இமிராவிடம் சொல்வது என்று விளக்கியிருக்கிறேன். பூமியிலிருந்து விண்வெளிக்குக் கட்டிய கயிற்றில் லிப்ட் ஏறும் கதை என்றும், நான் லிப்ட் மெக்கானிக் ஆனதே சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் என்றும்கூடச் சொன்னேன். நீங்கள் தலையாட்டிக்கொண்டே ரொட்டிக்கு ஜாம் தடவினீர்கள். இப்போது பல வருடம் கழித்து ஆறாம் படம் வந்திருக்கிறது. விளக்கை அணைத்த சற்று நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது, ஓரெல் கையை விட்டுவிட்டான். ஐந்தாம் படத்துக்கும் ஆறாம் படத்துக்கும் நடுவில், நாம் யாரும் பார்க்காத நேரத்தில், அவளை விட்டுவிட்டுப் போய் நிலாவில் கோழி வளர்க்கிறான்.

முதல் காட்சிக்கு ரசிகர்கள் வேஷம் போட்டுப் போவது வழக்கம். நான் வேலையில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையையே கேப்டன் உடையாக மாட்டிக்கொண்டு பிரைனியோடு போனேன். கோழியைப் பார்த்ததும் எழுந்து வெளியே போக நினைத்தேன், பட்டையின் கொக்கி இருக்கையில் மாட்டிக்கொண்டது. அதனால் முழுப்படமும் பார்த்தேன். கதவு பூட்டாமலே லிப்ட் நகர்கிறது, அதுவும் காற்றே இல்லாத இடத்தில். எங்கள் ஊர் மூன்று மாடிக் கடையில் நான் அப்படி விட்டால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் கயிறு அதிரும் சத்தம் சரி. யாரோ லிப்ட் குழிக்குள் நின்று கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

படம் முடிந்து காரில் உட்கார்ந்து சிப்ஸ் தின்னும்போது பிரைனி அழுதுகொண்டிருந்தாள். படம் மோசம் என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "விடு, இந்தப் படத்த நாம கணக்குலயே சேக்க வேணாம்" என்றேன். "லூசா நீ? ஆறுலயும் இதுதான் நல்ல படம்" என்றாள். "விட்டுட்டுப் போனான்டி அவன்!" "போனான். திரும்பி வந்தான்ல? மத்த அஞ்சு படத்துல அவங்க ஒரு சண்டையாவது போட்டிருக்காங்களா? அது போஸ்டர். இதுதான் புருஷன் பொண்டாட்டி." "அப்போ நம்ம வரி?" "நீயே சொல்லு. உனக்கு இன்னும் அதுல நம்பிக்க இருக்கா?" நான் யோசித்தேன். யோசித்ததே தப்பாம். அந்த நேரம் பார்த்து ஒரு கடல்புறா ஜன்னல் வழியாக என் சிப்ஸைக் கொத்திக்கொண்டு போனது, நான் திரும்பிப் பார்த்தேன். அது அதைவிடத் தப்பாம். "நம்பாத வரிய என் கையப் புடிச்சிட்டுச் சொல்லாத, ஹேமிஷ். அதுக்கு நீ வராமலே இருக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து அளந்துதான் பேசுகிறாள். வேறு வரி எழுதித் தரச் சொன்னாள். 'முறையாகப் பராமரித்தால் நீண்ட காலம் உழைக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் வேடிக்கைக்கு எழுதவும் இல்லை.

இதற்கிடையில் உங்கள் அக்கா, அதாவது என் அம்மா, யாரையும் கேட்காமல், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும், பீர் கேன் சூடாகாமல் இருக்க மாட்டும் உறைகள் அத்தனையிலும் அந்தப் பழைய வரியை அச்சடித்து வாங்கிவிட்டாள். ஏம்மா இப்படிப் பண்ணின என்றால், "பீர் குடிக்கிறவனுக்கு அது சரியான வரிதான்டா" என்கிறாள். அதை மறுக்க முடியவில்லை.

ஆகவே, படத்திலிருந்து எடுத்த வரி எதுவும் சட்டப்படி செல்லாது என்று பிரைனியிடம் சொல்லிவிடுங்கள். சட்டம் கேட்கும் வாசகத்தை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளலாம். பொய்தான். நீங்கள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

உங்கள் வீட்டில் ஆரோக்கியமும் தடையில்லாத மின்சாரமும் நிலைக்கட்டும். சித்தப்பாவுக்கும் நாய்க்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்,
ஹேமிஷ்

பி.கு.: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். இந்தக் கடித உறையை ஒட்டப் போகும்போது பிரைனி பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு வந்து நின்று, ஆறாம் படத்தில் இமிரா கேட்கிற மாதிரியே, "எங்க போன?" என்றாள். நான் யோசிக்கவில்லை. "உன்ன விட்டு எவ்ளோ தூரம் போக முடியும்னு பாத்தேன். முடியல" என்று வந்துவிட்டது. அது ஓரெலின் பதில். அவன் குரலிலேயே சொன்னேனாம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புடிக்காத படம் எப்படிடா மனப்பாடம் ஆச்சு?" குறைகளைச் சரிபார்க்கத் தனியாக இன்னும் இரண்டு தடவை போனதைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன், அதுதான் உறுதிமொழி. அந்த இடத்தில் மைக்கை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். ஒத்திகை பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் என் குரல் உடைகிறது. காரணம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.