ஆற்று மணலில் வெள்ளோட்டம்

விலைக்கு நின்ற கேரவனுக்கு, அதாவது காரில் பூட்டி இழுக்கும் சக்கர வீட்டுக்கு, அடியில் மல்லாந்து படுத்து, அச்சுத் தண்டில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் லெஸ்டர் ப்ரிம். நகராட்சியில் தண்ணீர் வரிப் பிரிவில் முப்பது வருடம் நாற்காலி தேய்த்தவர், ஓய்வுபெற்ற மறுமாதமே பாலைவனப் பயணத்தில் நிபுணராகிவிட்டார். அதற்காக அவர் பாலைவனத்துக்குப் போகவேண்டியிருக்கவில்லை. வீடியோ பார்த்தே முடித்துவிட்டார்.

"இதுவும் சரியில்லேன்னா குளிர்காலம் முழுக்க டாஸ்மேனியாவுல எங்க அக்கா வீடு" என்று காருக்குள்ளிருந்து நினைவூட்டினார் மனைவி மோரீன். "போன வாரம் பார்த்த வண்டிக்கு என்ன குறை சொன்னே?"

"ஸ்பிரிங் பலமில்ல."

"அதுக்கு முந்தினது?"

"பலம் ஜாஸ்தி."

அக்கா வீட்டில் லெஸ்டருக்கு உரியது, தையல் மெஷினுக்கும் மூன்று பூனைகளுக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில். அந்தப் பூனைகளை நினைத்தாலே அவருக்குத் தும்மல் வரும். தும்மினார். தலை இரும்பில் இடித்தது.

வெளியே இரண்டு பூட்ஸ் கால்கள் வந்து நின்றன.

"அடியில துரு ஏதும் இருக்கா?" என்று ஒரு குரல் குனிந்து கேட்டது.

'வீட்டுக்குப் பின்னாடிதான் நிக்குது, பூட்டல, பாத்துட்டிருங்க' என்று பதில் அனுப்பிய சொந்தக்காரர் ஒருவழியாக வந்துவிட்டார் போலும். தன் வண்டியில் துரு இருக்கிறதா என்று வந்தவனிடம் கேட்கும் ஆளை லெஸ்டர் இப்போதுதான் பார்க்கிறார்.

"துரு இல்ல" என்றார், வெளியே ஊர்ந்து வந்து.

"நீங்க சொன்னா சரிதான். நான் பார்னி."

பரந்த தொப்பி, பெரிய தொந்தி, வஞ்சகமில்லாத முகம். ஏமாற்ற வசதியான ஆள் என்று லெஸ்டருக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

"மேடு பள்ளமெல்லாம் தாங்குமா இது?" என்றார்.

"அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்."

தார் ரோட்டை விட்டு இறங்கியே இருக்கமாட்டான் என்று லெஸ்டர் முடிவு கட்டினார். "பின்னாடி காஞ்ச ஆறு ஒண்ணு இருக்கே. இறக்கிப் பாத்துடலாமா? உங்களுக்குச் சம்மதம்னா."

"எனக்கென்ன தலைவரே. உங்களுக்குச் சம்மதம்னா சரி."

லெஸ்டரின் காரில் கேரவனைப் பூட்டினார்கள். மோரீன் மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாகக் கரையில் உட்கார்ந்துகொண்டார். கல்யாணமான நாள் முதல் அவர் இப்படித்தான், நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

கேரவன் ஆற்றின் நடுவரை கம்பீரமாகப் போனது. பிறகு கம்பீரமாக உட்கார்ந்தது.

"டயர்ல காத்தக் குறைக்கணும்" என்றார் நிபுணர். குறைத்தார். வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"என் வண்டி முன்வாசல்லதான் நிக்குது. பின்பக்கமா இழுத்துடலாம்" என்று ஓடினார் பார்னி. பழைய டிரக்கைக் கொண்டுவந்து, கேரவனின் பின் பம்பரில் பட்டையைக் கட்டி ஒரே இழுப்பு. பம்பர் வந்தது. ஸ்டெப்னி டயரும் வந்தது. கேரவன் வரவில்லை.

பார்னியின் முகம் வெளுத்துப்போனது. பாவம், சொந்தப் பொருளைத் தானே உடைத்துக்கொண்டான் என்று லெஸ்டருக்கு இரக்கமாக இருந்தது. "விடுங்க, இரும்புதானே" என்று தோளைத் தட்டினார்.

"நீங்களே அப்படிச் சொல்லிட்டீங்க. எனக்கு இப்பதான் உயிர் வந்துது."

"இன்னும் என்னென்ன கழட்டணும்?" என்று கரையிலிருந்து மோரீன் விசாரித்தார். "சொன்னா நானும் ஒரு கை பிடிப்பேன்."

லெஸ்டருக்கு ரோஷம் வந்தது. எடையைக் குறைத்தால் வண்டி எழும்பும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். மணலுக்கு அடியில் களிமண் இருக்கும் என்று வீடியோவில் சொல்லவில்லை. நனைந்த பக்கம் சக்கரம் வழுக்க, கேரவன் மெல்லச் சாய்ந்து ஆற்றுக்குள்ளேயே வளர்ந்திருந்த ஒரு மரத்தின்மேல் தோள் வைத்துக்கொண்டது. வெளிக்கூரைத் துணி கிழிந்தது. உள்ளே கண்ணாடிப் பாத்திரங்கள் நிதானமாக, ஒவ்வொன்றாக விழுந்தன.

லெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தார்.

"பரவால்ல தலைவரே" என்றார் பார்னி. "பம்பர் என் தப்பு, இது உங்க தப்பு. சரியாப் போச்சு."

இப்படி ஒரு மனிதனா? லெஸ்டர் உருகிப்போனார். ஆனால் உருகும்போதும் புத்தி வேலை செய்தது. துருவில்லாத அச்சு. பம்பரையும் கூரையையும் மாற்றிக்கொள்ளலாம். பூனைகளிடமிருந்து தப்பிக்கலாம்.

"இந்த நிலைமையில..." என்று இழுத்தார், "விலை கொஞ்சம் இறங்கணும் இல்லையா?"

"நானே சொல்ல வாயெடுத்தேன். நல்லாவே இறங்கணும்."

"எவ்வளவு இறங்கலாம்னு நினைக்கிறீங்க?"

பார்னி கூச்சத்தோடு தொப்பியைக் கழற்றினார். "பாதின்னா ரொம்ப அநியாயமா?"

லெஸ்டர் முகத்தில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார். "உங்களுக்கு நஷ்டமில்லன்னா பாதிக்கே முடிச்சிடலாம்."

"எனக்கென்ன நஷ்டம்? உங்க மனசு யாருக்கு வரும்."

"மனசு உங்களுக்குத்தான்."

இருவரும் களிமண் கையோடு கைகுலுக்கினார்கள். பார்னியின் கண்கள் கலங்கியிருந்தன. மோரீன்கூட எழுந்து கரையிலிருந்து இறங்கி வந்து, "இவ்வளவு நல்ல ஆள ஏமாத்துறியே லெஸ்டர், நல்லாவா இருக்கு?" என்று காதோரம் கிசுகிசுத்தார். அப்படிச் சொன்னாலும் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்போது மேலே வீட்டுப் பக்கமிருந்து, இரண்டு கையிலும் மளிகைப் பைகளோடு ஒரு வயதான அம்மாள் மூச்சு வாங்க இறங்கி வந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"மன்னிச்சுக்கங்கப்பா, கடையில கூட்டம். என் கேரவன வாங்குறதுக்கு மெசேஜ் போட்ட ரெண்டு பேரும் நீங்கதானே?"