நைட்டி மாஸ்டர் தன்னைத் திட்டிக்கொண்ட ஒரு மணி நேரம்

யார் தவறு செய்தார் என்று கண்டுபிடிக்கும் செயலியை உருவாக்கியவனே தவறு செய்திருந்தால், அதை எந்தப் பெயரில் பதிவு செய்வது? இந்தக் கேள்வியை எனக்கு உண்டாக்கியவர் தளவாய்புரத்து நைட்டி மாஸ்டர். தன்னைத் தானே அவ்வளவு உரக்கத் திட்டிக்கொள்ளும் மனிதர் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இன்னொருவர் இல்லை என்று எழுதித் தர நான் தயார்.

என் வயதுக்காரர்தான். நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். புதிய மாதிரி ஒன்று தைத்து முடிந்ததும், அடுக்கிய துணியில் கத்தி வைப்பதற்கு முன், அதைச் சட்டை லுங்கிக்கு மேல் அவரே அணிந்துகொள்வார். முறுக்கிய மீசையும் பூப்போட்ட நைட்டியுமாக ஒரு மணி நேரம் நடமாடுவார். குடம் தூக்குவார், குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பார், டீக்கடைக்கும் போவார்.

"என்ன மாஸ்டர், இன்னைக்கு ரோஸ் கலரா? எடுப்பா இருக்கு!" என்றார் டீக்கடைக்காரர்.

"கலர விடும். கையத் தூக்குனா கக்கத்துல இறுக்குது. ஏலே கூறுகெட்டவனே, என்னத்தலே வெட்டுன?"

பின்பாதி அவர் தமக்கே சொல்லிக்கொள்வது. அதை முதன்முறை கேட்டபோது, டீக்கடைக்காரர் கை நீட்டிவிடுவாரோ என்று நான் இரண்டடி விலகி நின்றேன்.

பாக்கெட் கிழிகிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் ஒருவர் குறை சொன்னார். தையல்காரர்களை விசாரிக்க மாஸ்டருக்குத் தோன்றவில்லை. பாக்கெட்டில் செல்போன், சாவிக்கொத்து, அரைக் கிலோ வெங்காயம் ஆகியவற்றைப் போட்டுக்கொண்டு நைட்டியோடு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"ஏய்யா, நைட்டி போட்டா ஃப்ரீ டிக்கெட்டுன்னு எவன் சொன்னான்?" என்றார் கண்டக்டர்.

"நான் எங்க ஃப்ரீ கேட்டேன்? ஒரு ராஜபாளையம் குடும். ஐயோ, கிழிஞ்சிட்டு! வெங்காயத்த மிதிச்சிராதிய!"

பஸ்ஸே குனிந்து வெங்காயம் பொறுக்கியது. அவர் மட்டும் நடுவில் நின்று தம்மைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் இராஜபாளையத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தின் புராடக்ட் மேனேஜர். செயலி எப்படி இயங்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் பொறுப்பு. மாஸ்டரின் கம்பெனிக்கு நாங்கள் செய்து தந்த செயலியில், செக்கிங் பார்ப்பவர் பழுதான நைட்டியைக் கண்டால், தைத்தவர் பெயரைத் தேர்ந்து பதிவு செய்வார். தொழிலில் வளரச் சுயபரிசோதனை அவசியம் என்று நம்பி, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குறிப்பேட்டிலும் எழுதிவந்தேன். 'புரிந்துகொள்ள மறுப்பவர்களிடமும் பொறுமை காட்ட வேண்டும்.' 'என் வேகத்துக்குப் பிறரால் ஈடுகொடுக்க முடியாது என்பதை உணர வேண்டும்.' சுயபரிசோதனை என்ற பெயரில் பிறரைப் பற்றிய புகார்களையே எழுதிவருகிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதம் செயலி ஒரு முடிவைச் சொன்னது. அதிகப் பழுதுகளுக்குக் காரணம் அமீனா. சோழபுரத்திலிருந்து வந்துபோகும் அவர், பதினொரு ஆண்டு அனுபவமுள்ள தையல்காரர். முதலாளி அவரை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வேலையே இல்லை என்று சொல்லிவிடுவதாக இருந்தார்.

"அமீனாக்கா தையல்ல இம்புட்டு டேமேஜா? இருக்காதே சார்," என்றார் மாஸ்டர்.

"தரவு பொய் சொல்லாது மாஸ்டர்," என்று வரைபடத்தைக் காட்டினேன்.

"படம் நல்லாத்தான் இருக்கு. செத்த நேரம் போனக் குடுங்க, நானும் பார்க்கேன்."

செக்கிங் மேசையில் உட்கார்ந்தார். ஒரு கையில் துணி, மறு கையில் போன். பத்து நிமிடத்தில் வசவு தொடங்கியது.

"ஏலே மடையா, பேர மாத்தலையே! மறுபடியும் மறந்துட்டான் பாருங்க சார். இவனுக்கெல்லாம் எவன் போனக் குடுத்தான்?"

ஒரு மணி நேரத்தில் அமீனா பெயரில் பதினான்கு பழுதுகள் ஏறியிருந்தன. அமீனாவோ சோழபுரத்தில் தம் வீட்டில் இருந்தார்.

ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் பட்டியல் தானாக முதல் பெயருக்குத் திரும்பும்படி நான்தான் அமைத்திருந்தேன், நேரம் மிச்சமாகும் என்று. அகர வரிசையில் முதல் பெயர் அமீனா. செக்கிங் பார்த்தவர் மாற்ற மறந்த ஒவ்வொரு முறையும் பழி அவர்மேல் விழுந்திருந்தது. அதை அறியாத மாஸ்டர், என் தவறுக்காகத் தம்மைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எனது ஆண்டு மதிப்பீட்டுக்குப் பத்து நாட்களே இருந்தன. ஓசையில்லாமல் திருத்தி, 'புதிய பதிப்பு' என்று அனுப்பிவிடலாம். ஆனால் பழைய பதிவுகள் அப்படியே நிற்கும். அமீனாவின் வேலை போய்விடும்.

"போதும் மாஸ்டர். அது உங்க தப்பில்ல. என் தப்பு."

"உங்க தப்பா? அப்ப மிச்சத்த நீங்க திட்டுங்க சார். எனக்குத் தொண்ட கட்டிட்டு."

முதலாளியிடம் அன்றே சொன்னேன். என் அலுவலகத்துக்கும் எழுதினேன். எனது பதவி உயர்வு தள்ளிப்போனது. திங்கட்கிழமை அமீனா வேலைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"ஒரு வாரமா ஊருக்குள்ள, அமீனாவ நிறுத்திட்டாவளாம்னு பேசுனாவளே தம்பி, அத எந்தப் பட்டன அமுக்கி அழிப்பிய?"

அந்த வெள்ளிக்கிழமை என் குறிப்பேட்டில் அந்தக் கேள்வியை மட்டும் எழுதினேன்.

இப்போது பெயரைத் தேர்ந்தெடுக்காமல் எந்தப் பழுதும் பதிவாகாது. எந்தத் திரையையும் வெளியிடுவதற்கு முன், அதைப் பயன்படுத்துபவரின் இடத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். மாஸ்டர் விடுப்பில் இருக்கும் நாட்களில் மட்டும் தளவாய்புரம் போவதில்லை. அவர் தம்மைத் திட்டிக்கொள்ளும் சத்தம் கேட்காத தையல் கூடத்தில் எனக்கு வேலை ஓடுவதில்லை.