சாள்ஸ் முதலாளியின் நாக்கு

மனிதரில் சிலர் மூக்கால் வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று அவர்களுக்குத் தெரியும். சிலர் காதால் வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று தெரியும். இன்று நான் உங்களுக்குக் காட்டப்போகும் இனம் நாக்கால் வாழ்வது. பக்கத்து வீட்டுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். தெரிந்ததை அது சொல்லாமலும் விடாது.

தண்ணீர்ச் சோதகர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிகள் கழன்று, எங்கள் கற்பிட்டிக் கரைக்குக் வழுவழுவென்ற காபெற் ரோட்டும் குழாய்த் தண்ணீரும் வந்த பிறகுதான் இவர்கள் பெருகினார்கள். அதுவரை கிணற்றில் இறைத்ததைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். குழாய் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு தண்ணீர் கிடைத்தது. கடையில் விற்கிற பில்டர் தண்ணீர்க் கான் வந்ததும் மூன்றாயிற்று. மூன்று தண்ணீர் இருக்கிற ஊரில் ஒரு நிபுணர் இல்லாமல் எப்படி?

இவரை எப்படி அடையாளம் காண்பது? உங்கள் வீட்டுக்கு வருவார். கதிரையில் உட்காருவார். நீங்கள் மரியாதைக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டுவீர்கள். மற்ற மனிதர்கள் அதைக் குடிப்பார்கள். இவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, சரித்து, மோந்து, ஒரு மிடறு வாயில் எடுத்து, இடக் கன்னத்தில் கொஞ்ச நேரம் வலக் கன்னத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கண்ணை மூடிக்கொள்வார். நீங்கள் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நிற்பீர்கள். கண் திறக்கும்.

"ஒண்டு சொன்னா கோவிக்கக் கூடாது."

கோபிக்கும்படியாகத்தான் சொல்லுவார். கிணற்றுத் தண்ணீர் என்றால், அந்தப் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குப் போடுகிற உரமெல்லாம் மணலுக்குள்ளால் இறங்கி உங்கள் கிணற்றில்தான் குடியிருக்கிறது. காய்ச்சினால் போய்விடுமா? போகாது, இன்னும் இறுகும். குழாய்த் தண்ணீர் என்றால், குழாயைப் பற்றி அவருக்கு மூன்று கேள்விகளும் தொட்டியைப் பற்றி நான்கு கேள்விகளும் உண்டு. கான் தண்ணீர் என்றால், அந்தக் கானை எத்தனை நேரம் வெயிலில் வைத்திருந்தார்கள்? இதில் மிக வேதனையான சங்கதி என்னவென்றால், அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. பிழையாகச் சொல்கிறவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைமகன் சாள்ஸ் முதலாளி. மீன் வியாபாரம். வீட்டு முற்றத்திலேயே தராசும், குளிர் காக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளும், ஐஸ் உடைக்கிற மரக்கட்டையும். காலையில் வள்ளங்களில் இருந்து மீன் வந்து, பெட்டியில் ஐசோடு அடுக்குப்பட்டு, மத்தியானத்துக்குள் லொறி ஏறிவிடும். மீதி நேரமெல்லாம் தண்ணீர்ச் சேவை.

ஒருமுறை ஒரு செத்த வீட்டுக்குப் போனார். சவப்பெட்டிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு, அழுதுகொண்டிருந்த மகன் பக்கத்தில் குனிந்து மெல்லக் கேட்டார்: "எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சவர்?"

"அப்பா தென்னையில இருந்து விழுந்தவர் முதலாளி."

"ஓம், அது தெரியும். தலைசுத்து எதால வந்ததெண்டு யோசிச்சீங்களா?"

பில்டர் தண்ணீர்க் கடை நெய்னார் நானாவை அவர் விட்டபாடில்லை. மிசின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே டோர்ச் அடித்துப் பார்ப்பார். நெய்னார் நானாவும் ஒருநாள் பொறுமை கெட்டுச் சொன்னார்: "முதலாளி, மிசினக் கழட்டிப் பாத்தாச்சி. இனி என்னையுங் கழட்டிப் பாக்கப் போறீங்களா?" அடுத்த நாளும் முதலாளி அவரிடம்தான் கான் வாங்கினார். நம்பி அல்ல, மற்றவர்களை இன்னும் குறைவாக நம்பியதால்.

இப்படிப்பட்டவரோடு ஊர் வாழலாம். எழும்பிப் போனால் ஆயிற்று. மனைவி எங்கே போவாள்? எமிலியாவின் குசினியில் குடிக்க ஒரு பானை, அரிசி களைய ஒரு வாளி, தேத்தண்ணிக்கு ஒரு கேத்தல், பல் விளக்க ஒரு போத்தல். குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவும் அந்த வீட்டில் தடை. நெய்னார் நானாவின் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் மூன்றுதரம் வடித்த பிறகே அது தண்ணீர் என்ற பட்டத்தைப் பெறும். இதையெல்லாம் எமிலியா சகித்துக்கொண்டாள். ஆனால் மகள் மெரினாவின் கலியாணம் தண்ணீரில் போனதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு நல்ல இடம். பேச்செல்லாம் முடிந்து மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். எல்லோரும் உள்ளே கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்க, சாள்ஸ் முதலாளி மட்டும் வளவின் பின்பக்கம் கக்கூஸ் குழியில் இருந்து கிணறு வரைக்கும் காலால் அளந்துகொண்டு நடந்தார். அளந்து முடித்து உள்ளே வந்து, சபை நடுவே சொன்னார்: "ஒண்டு சொன்னா கோவிக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு என்ட பிள்ளையத் தரலாம். ஆனா பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி நாங்கதான் அனுப்ப வேணும்." கோபித்தார்கள். அந்த இடம் அத்தோடு சரி.

இப்போது மறுபடி ஒரு இடம் வந்திருந்தது. சிலாபத்துப் பக்கத்துப் பையன், நிரோஷன். மெரினாவோடு ஒரே கந்தோரில் வேலை. இந்த முறை பொருத்தம் பார்த்தது பெரியவர்கள் இல்லை என்று எமிலியாவுக்குத் தெரியும். நிரோஷன் என்ற பெயரைச் சொல்லும்போது மகளின் முகம் போகிற போக்கு அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பையனின் தாய் றோசா மட்டும் ஒரு மாதிரியான மனுசி, எதிலும் லேசில் திருப்திப்படமாட்டா என்று கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முதல்நாள் மெரினா தாயிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

"அம்மா, அப்பா இந்த முறையும் தண்ணிக் கதை எடுத்தாரெண்டா நான் கன்னியர் மடத்துக்குப் போயிடுவன். அங்கயாவது குடுக்கிறதக் குடிக்கலாம்."

எமிலியா கணவனைப் பிடித்து புனித அன்னம்மாள் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "தலவில் அன்னம்மாள் மேல சத்தியம் பண்ணுங்க. நாளைக்குத் தண்ணியப் பத்தி ஒரு சொல்லுக் கதைக்க மாட்டன் எண்டு."

"நல்லதுக்குத்தானே எமிலி சொல்றது..."

"நல்லதுக்குச் சொல்லித்தான் பிள்ள இன்னும் வீட்டுல இருக்கிறா. பண்ணுங்க."

பண்ணினார். பாவம், முகம் ஒரு சுற்றுச் சுருங்கிப்போயிற்று. மகள்மேல் அவருக்கு உயிர். ஆகவே பேச முடியாததைச் செய்துகாட்டுவது என்று முடிவெடுத்தார். வருகிறவர்களுக்கு அவரே தன் கையால் தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டு, தண்ணீர் கரைத்துக் கொடுப்பார். அப்படி ஒரு சுத்தமான தண்ணீரை அவர்களுடைய பரம்பரையே அதற்கு முன் குடித்திருக்கக் கூடாது.

விடிந்ததில் இருந்து அந்த வேலைதான். கான் புதிது. பானை சாம்பலால் விளக்கியது. கொதிக்க வைத்தார், ஆற வைத்தார், வடித்தார், திரும்ப வடித்தார். தேசிக்காயைக் கழுவிய தண்ணீரும் காய்ச்சி ஆறியது. கிளாஸ்களைத் துடைத்த துணியும் கொதிநீரில் போட்டு எடுத்தது. மத்தியான வெயில் ஏறியது. பிரிஜ் முழுவதும் எமிலியாவின் புடிங்கும் கறிச் சட்டிகளும். "ஐசுக்கு இடமில்லையே" என்றாள் எமிலியா. "ஐசுக்கா பஞ்சம்?" என்று சிரித்துக்கொண்டு அவர் முற்றத்துக்குப் போனார்.

கவனியுங்கள், இங்கேதான் விஷயம். மீன்பெட்டியைத் திறந்தார். அடியில் கிடந்த ஒரு ஐஸ் பாளத்தை எடுத்தார். முற்றத்துக் குழாயைத் திறந்து அதை ஒரு கழுவு கழுவினார்; ஆம், வாய் கொப்பளிக்கத் தடை செய்யப்பட்ட அதே குழாய். சாக்கில் சுற்றி, மரக்கட்டையால் இரண்டு போடு போட்டு, அள்ளிக்கொண்டு வந்து தன் பரிசுத்த நீருக்குள் கொட்டினார். எமிலியாவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மீன்காரர் வீட்டில் தண்ணீர் வேறு, ஐஸ் வேறு. ஐஸ் லொறியில் வருகிற சாமான். வாழ்நாள் முழுவதும் ஐசில் கையை வைத்திருக்கும் சாள்ஸ் முதலாளி, அதை எந்தத் தண்ணீரில் செய்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வந்தார்கள். றோசா கேள்விப்பட்டதைவிடப் பெரிய உருவம். கதிரையில் அமர்ந்ததும் வீட்டைக் கூரையில் இருந்து நிலம் வரை ஒரு பார்வை பார்த்தா. சாள்ஸ் முதலாளி சத்தியத்தைக் காப்பாற்றினார். தண்ணீர் என்ற சொல் வாயில் வரவில்லை. ஆனால் சத்தியத்தில் கூரை இருக்கவில்லையே! "உங்கட வீட்டுக்கு அஸ்பெஸ்ரஸ் சீற்றா, ஓடா? சீற் தூசு நெஞ்சுக்கு ஆகாது" என்று தொடங்கி, நுளம்புச்சுருள் புகை, பழைய பெயின்ற், சுரண்டிப்போன ஒட்டாத சட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுவர, எமிலியா காலால் அவர் காலை மிதித்துக்கொண்டே பலகாரத்தட்டை நீட்டினாள்.   அறை வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் மெரினா மூச்சுவிடாமல் நின்றாள்.

தேசிக்காய்த் தண்ணீர் வந்தது. றோசா கிளாஸை வாங்கினா. குடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தா. சரித்தா. மோந்தா. ஒரு மிடறு. இடக் கன்னம். வலக் கன்னம். கண்ணை மூடினா.

எமிலியா பலகாரத்தட்டைக் கீழே வைத்தாள். இந்தச் சடங்கை அவள் எங்கே கண்டிருக்கிறாள்?

றோசாவின் கண் திறந்தது. "ஒண்டு சொன்னா கோவிக்கக் கூடாது, சம்மந்தி. தண்ணி முதல் தரம். இப்பிடிச் சுத்தமான தண்ணி நான் எங்கயும் குடிச்சதில்ல. ஆனா இதுல கும்பளா மீன் இருக்கு. கொஞ்சம் பாரையும் இருக்கு."

சாள்ஸ் முதலாளி தன் கிளாஸை எடுத்து ஒரு மிடறு வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஐஸ்..." என்றார். "ஐஸ்!" ஊரெல்லாம் தேடிய குற்றவாளி இத்தனை காலமும் தன் முற்றத்திலேயே பெட்டிக்குள் படுத்திருந்ததை அப்போதுதான் கண்டார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

அவர் மனதில் ஏறியது ஐஸ். எமிலியாவின் காதில் விழுந்தது வேறு. 'சம்மந்தி' என்றல்லவா அந்த மனுசி சொன்னா! கும்பளாவும் பாரையும் நீந்திப் போகட்டும், அந்த ஒரு சொல் போதும். எமிலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேருக்கு முன்னால் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நிரோஷன் சீலைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, தன் கிளாஸைக் கும்பளாவோடு ஒரே மூச்சில் குடித்து முடித்தான். அன்பு என்பது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

"எங்கட வீட்டுல ஐசும் காய்ச்சி ஆறின தண்ணியிலதான் போடுறது" என்றா றோசா. "கிணறும் குழியும் அளந்துதான் வெட்டினது. நம்பாட்டி நீங்களே வந்து அளங்க, சம்மந்தி."

சத்தியம் அந்த இடத்தில் காலமாயிற்று. "எத்தினை அடி?" என்றார் சாள்ஸ் முதலாளி, வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்பிவர. அடுத்த நிமிஷம் இருவரும் முற்றத்தில் ரெஜிபோம் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். மெரினா சீலையை விலக்கி வந்து தாயின் தோளில் சாய்ந்தாள். "அம்மா, ஒண்டுக்குத் தப்பி இன்னொண்டுக்குப் போறன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வாசகரே, நீங்களும் இவ்வளவு நேரமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த இரண்டொரு சாள்ஸ்மார் நினைவுக்கு வந்திருப்பார்கள். உங்கள் வீட்டில் கான் தண்ணீர்தான் குடிப்பது, அதுவும் காய்ச்சித்தான், இல்லையா? மிகவும் நல்லது. ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. உங்கள் பிரிஜில் இருக்கிற ஐஸ் தட்டுக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்?